தொடக்க மாணவரின் மதிப்பெண்: உழைப்பும் அருளும்

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இளங்கலைப் பட்டம் பெற விரும்புவோர், தம் முதன்மைப் பாடம் கணிதமாயினும் வரலாறாயினும், ஒரு பிறமொழியைச் சில பருவங்களேனும் கற்றாக வேண்டும் என்பது விதி. அவ்விதிக்கு உட்பட்டு அங்கு மிகுதியானோர் தேர்ந்துகொள்ளும் மொழி ஸ்பானியம். பருவத்தின் தொடக்கத்தில் அவ்வகுப்பின் மாணவர் ஒவ்வொருவருக்கும் பாடத்திட்ட அறிக்கை ஒன்று வழங்கப்படுகிறது. வகுப்புக்குத் தவறாமல் வருதல், வகுப்பில் ஸ்பானியத்திலேயே பேச முயலுதல், வீட்டுப்பாடம், சிறுதேர்வுகள், குறுங்கட்டுரைகள், வாய்மொழித் தேர்வு, பருவ இறுதித் தேர்வு என ஒவ்வொன்றுக்கும் எத்தனை விழுக்காடு என்பதும், எத்தனை நாள் வராதிருந்தால் எவ்வளவு கழிக்கப்படும் என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். பருவ முடிவில் இவை அனைத்தும் கூட்டப்பட்டு, ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளுள் ஒன்றாகச் சுருங்குகின்றன; அவ்வெழுத்து நான்கு புள்ளி அளவையில் ஓர் எண்ணாக மாறி, மாணவரின் ஒட்டுமொத்தச் சராசரியில் சேர்ந்து, பின்னாளில் உதவித்தொகையையும் மேற்படிப்பையும் முடிவு செய்யும் சான்றில் நிலைத்துவிடுகிறது.

இதனை வெறும் நிர்வாக ஏற்பாடாகக் கருதிவிட இயலாது. ஒருவருடைய செயலை எடைபோட்டு அதற்குரிய பயனை வழங்கும் இடத்திலெல்லாம், அவர் அடைந்ததையும் அடைவதற்கு உழைத்ததையும் ஒரே அளவுகோலால் அளக்கலாமா என்ற வினாவும், அடைந்ததில் அவருடையது எவ்வளவு, பிறரிடமிருந்து பெற்றது எவ்வளவு என்ற வினாவும் எழுந்தே தீரும். மேலைக் கிறித்தவ இறையியல் இவ்வினாக்களை மனிதரின் பேறுபலனுக்கும், அதாவது நற்செயலால் ஒருவர் ஈட்டும் உரிமைக்கும், இறைவன் தாமாக முன்வந்து வழங்கும் அருளுக்கும் இடையிலான சிக்கலாகக் கண்டு பதினைந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாக வாதிட்டுவந்துள்ளது. ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்து, இரண்டில் எதனையும் விட்டுக்கொடுக்காத திருக்குறளை அறிந்த தமிழ் வாசகருக்கும் இச்சிக்கல் புதிதன்று. புதிதாக இருப்பது, அச்சிக்கல் தொடக்கநிலை மொழி வகுப்பில் மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது என்பதுதான். ஏனெனில் பிற பாடங்களில் மறைந்து நிற்கும் ஓர் உண்மை, கற்கும் ஒருவரின் திறன் அவருடைய தனிச்சொத்து அன்று என்னும் உண்மை, இங்கே மறைவதற்கு இடமின்றி நிற்கிறது.

முதலில் எதிர்பார்ப்பை எடுத்துக்கொள்ளலாம். எதிர்பார்ப்பு என்பது ஆசிரியர் இடும் கட்டளை மட்டுமன்று, அது ஒரு வாக்குறுதியும் ஆகும். இன்னின்னவற்றைச் செய்தால் இன்ன தரம் கிடைக்கும் என்று முன்னதாகவே எழுதிக் கொடுப்பவர், பிறகு தம் விருப்பத்துக்கேற்ப அளவுகோலை மாற்றும் உரிமையைத் தாமே துறந்துவிடுகிறார். விவிலியத்தின் உடன்படிக்கைகளில் கட்டளையிடும் இறைவனும் தம் சொல்லுக்குக் கட்டுப்பட்டவராகவே காட்டப்படுகிறார். ஆயினும் எழுதிக் கொடுத்துவிட்டதாலேயே ஒரு கோரிக்கை நீதியானதாகிவிடாது. செய்ய இயலாத ஒன்றைச் செய்யும் கடமை எவருக்கும் இல்லை என்பது இம்மானுவேல் காண்ட்டின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கொள்கை. அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1547 ஜனவரியில், கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் மனிதர் இறைவன்முன் ஏற்புடையவராவது குறித்து வெளியிட்ட ஆணையில், பண்டைய இறையியலாளர் அகுஸ்தினாரின் கருத்தொன்றை ஏற்று, இறைவன் இயலாததைக் கட்டளையிடுவதில்லை என்று அறிவித்தது. கடவுளுக்கே பொருந்தும் என்று இறையியலாளர் கருதிய இவ்வரம்பு மொழி ஆசிரியருக்கும் பொருந்தும் என்பதை மறுப்பவர் இருக்க முடியாது. ஆனால் எது இயலும், எது இயலாது என்பதை ஆசிரியர் எவ்வாறு அறிவார் என்பதில்தான் கடினம் தொடங்குகிறது.

ஸ்பானிய இலக்கணத்தின் புகழ்பெற்ற ஓர் இடர்ப்பாட்டைக் கொண்டு இதனை விளக்கலாம். 'அவர் ஆசிரியர்', 'அவர் களைத்திருக்கிறார்', 'அவர் வீட்டில் இருக்கிறார்' போன்ற தொடர்களில் எழுவாயைப் பயனிலையோடு இணைக்க ஸ்பானியம் 'ஸேர்', 'எஸ்தார்' என்னும் இரு வினைகளைப் பயன்படுத்துகிறது. ஒருவர் இன்னார், இன்ன தன்மையர் என்று கூறும் இடத்தில் முன்னதும், அவர் எங்கே இருக்கிறார், எந்நிலையில் இருக்கிறார் என்று கூறும் இடத்தில் பின்னதும் வரும் என்பது பாடநூல்கள் தரும் எளிய விதி. முதற்பருவத்தின் முதற்பாதியிலேயே இவ்விதி கற்பிக்கப்படுகிறது. பெரும்பாலான மாணவர் அதனை ஒரு மணி நேரத்தில் புரிந்தும் கொள்கின்றனர். ஆனால் மொழி கற்றல் ஆய்வாளர் பில் வான்பேட்டன் 1980களில் ஆங்கிலம் பேசும் மாணவரின் இயல்பான ஸ்பானியப் பேச்சை ஆராய்ந்தபோது, அவர்கள் இவ்விரு வினைகளையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில்தான் கைக்கொள்கின்றனர் என்பது தெரியவந்தது. முதலில் இணைப்பு வினையே இல்லாமல் பேசுகின்றனர். அடுத்து ஏறத்தாழ எல்லா இடங்களிலும் 'ஸேர்' வினையையே இடுகின்றனர். பின்னர் நடந்துகொண்டிருக்கும் செயலைக் கூற 'எஸ்தார்' வருகிறது. அதன்பின் இடத்தைக் குறிக்க வருகிறது. நிலையைக் காட்டும் பெயரடையோடு அதனைச் சரியாகப் பயன்படுத்துவது இறுதியில்தான் நிகழ்கிறது. விதியை அறிந்திருப்பது இவ்வரிசையைத் தாண்டிச் செல்ல உதவுவதில்லை.

ஆகவே முதற்பருவ வாய்மொழித் தேர்வில், தான் களைத்திருப்பதாகக் கூற வந்த மாணவர் 'எஸ்தார்' வரவேண்டிய இடத்தில் 'ஸேர்' வினையை இட்டுவிட்டார் என்று மதிப்பெண் குறைப்பது, அவருடைய சோம்பலையோ கவனமின்மையையோ தண்டிப்பதாகாது. மனித மனம் மொழியை உட்கொள்ளும் முறையையே தண்டிப்பதாகும். அதே விதியை எழுத்துத் தேர்வில் கோடிட்ட இடமாக வைத்துக் கேட்பது வேறு. அங்கே கேட்கப்படுவது கற்பிக்கப்பட்ட ஒரு செய்தி, அதனை நினைவில் வைத்திருக்க எவராலும் இயலும், ஆகவே கேட்பதும் முறையே. விதியை அறிதல், விதி நாவில் படிதல் ஆகிய இரண்டுக்கும் உள்ள இடைவெளி பல பருவ அளவினது என்பதை மறந்துவிட்டு, இரண்டையும் ஒரே பெயரால் 'இலக்கணம்' என்று குறித்து ஒரே கட்டத்தில் மதிப்பெண் இடும் தாள்களில்தான் அநீதி நுழைகிறது.

மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் வெளியிட்ட ஒரு கட்டுரை மொழிக் கல்வியாளரின் பார்வையை மாற்றியது. களைப்பாலோ அவசரத்தாலோ நேரும் வழுக்கலையும், கற்பவரின் உள்ளே அப்போது அமைந்துள்ள இலக்கணத்தின் வெளிப்பாடாக வரும் பிழையையும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். முன்னது தற்செயலானது, பின்னது ஒழுங்குடையது, அவ்வொழுங்கு கற்பவர் எந்தக் கட்டத்தை எட்டியுள்ளார் என்பதை அறிவிக்கும் சான்று. சமய மொழியில் கூறினால், தொடக்க மாணவரின் பிழை பாவத்தின் வகையைச் சேர்ந்தது அன்று; நெறியிலிருந்து விலகியதற்கான அடையாளம் அன்று, நெறியில் நடந்துகொண்டிருப்பதற்கான அடையாளம். பிழையே செய்யாத முதற்பருவ மாணவர் ஒருவர் உண்டெனில், அவர் ஏற்கெனவே ஸ்பானியம் அறிந்தவராக இருப்பார், அல்லது மனப்பாடம் செய்த தொடர்களுக்கு வெளியே ஓர் அடியும் வைக்காதவராக இருப்பார். இரண்டாமவரைப் போற்றி, துணிந்து பேசித் தடுமாறியவரைக் குறைக்கும் மதிப்பீடு, கற்றலுக்குத் தேவையான ஒன்றுக்கே அபராதம் விதிக்கிறது.

இதனோடு காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வாரத்துக்கு நான்கு மணி நேரம், பதினைந்து வாரம் என்று கொண்டால் ஒரு பருவத்தில் மாணவர் வகுப்பறையில் செலவிடுவது 60 மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனமோ, ஆங்கிலம் பேசுவோருக்கு எளிதான மொழிகளின் வரிசையில் ஸ்பானியத்தை வைத்திருந்தும், பணிக்குப் போதுமான திறன் பெற 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் தேவை என்று கணித்துள்ளது. உளவியலாளர் ஜான் கேரல் 1963இல் முன்வைத்த கருத்தின்படி, கற்கும் திறமை என்று பொதுவாகக் கூறப்படுவது ஒரு பொருளைக் கற்க ஒருவருக்குத் தேவைப்படும் காலத்தின் அளவே. ஒருவர் எவ்வளவு கற்றார் என்பது, தேவைப்படும் காலத்தில் எவ்வளவை அவர் உண்மையில் செலவிட்டார் என்பதைப் பொறுத்தது. இதனை ஏற்றுக்கொண்டால், எல்லாருக்கும் ஒரே கால அளவை விதித்துவிட்டு முடிவில் வேறுபட்ட தரங்களை வழங்கும் பருவ முறை, அறிவை அளப்பதாகக் கூறிக்கொண்டு பெருமளவு விரைவையே அளக்கிறது என்பதையும் ஏற்றாக வேண்டும்.

தொடக்கநிலை என்பதன் வரையறையே இன்னும் ஆழமான ஒன்றை வெளிப்படுத்துகிறது. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகம் கற்போரை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளில் நிறுத்துகிறது. ஸ்பெயின் அரசு 1991இல் தோற்றுவித்த செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்தும் தேலே என்னும் ஸ்பானியத் தேர்வுகள் அப்படிகளைப் பின்பற்றுகின்றன. முதற்படியாகிய ஏ1 நிலையில் உள்ளவர் எளிய முறையில் உரையாட வல்லவர் என்று கூறும் அச்சட்டகம், உடனே ஒரு நிபந்தனையையும் சேர்க்கிறது: எதிரில் பேசுபவர் மெதுவாகவும் தெளிவாகவும் பேச வேண்டும், உதவ முன்வருபவராகவும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1986 முதல் வழக்கிலுள்ள மற்றொரு திறன் வரையறையும், தொடக்கநிலையினரின் பேச்சைப் பற்றிக் கூறும்போது, பரிவோடு கேட்பவரையும் பிறமொழியாளரின் பேச்சுக்குப் பழகியவரையும் குறிப்பிடாமல் தன் கருத்தை முடிக்க இயலவில்லை. உயர்ந்த படிகளில் இந்நிபந்தனை உதிர்ந்துவிடுகிறது. அடிப்படியிலோ, ஒருவருடைய திறனைப் பற்றிய கூற்றுக்குள்ளேயே மற்றொருவருடைய நற்பண்பு ஓர் உறுப்பாக அமைந்திருக்கிறது.

இது சொற்களை எழுதியவர்களின் தயக்கத்தால் வந்தது அன்று, உள்ளது உள்ளபடி கூறியதால் வந்தது. தன் ஊரையும் குடும்பத்தையும் பற்றி ஸ்பானியத்தில் மூன்று தொடர் பேசிய மாணவர் அதனைத் தனியே நிகழ்த்திவிடவில்லை. கேட்டவர் காத்திருந்தார், விடுபட்ட சொல்லை ஊகித்தார், முகத்தில் பொறுமையின்மையைக் காட்டாதிருந்தார். கேட்டவர் வேறொருவராக இருந்தால் அதே மாணவரால் அதே மூன்று தொடர்களைக் கூறியிருக்க முடியாது. அவ்வாறெனில் வாய்மொழித் தேர்வில் இடப்படும் மதிப்பெண் யாருடையது? மேலே கூறிய இறையியல் வாதமும் இத்தகைய வினாவிலிருந்தே தொடங்கியது. 

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் என்னும் துறவி, நன்மை செய்யும் ஆற்றல் மனிதருக்கு இயல்பிலேயே உள்ளது, அதனைப் பயன்படுத்துவதும் பயன்படுத்தாததும் அவரவர் பொறுப்பு என்று கற்பித்தார். ஒழுக்க முயற்சியைத் தூண்டும் இக்கருத்தை அகுஸ்தினார் கடுமையாக எதிர்த்தார்; மனிதரிடம் உள்ளவற்றுள் பிறிதோரிடத்திலிருந்து பெறாதது எதுவும் இல்லை என்ற பவுலடியாரின் கருத்தே அவருடைய வாதத்தின் தூணாக இருந்தது. 418இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தனர். ஆயினும் சிக்கல் அத்துடன் முடியவில்லை. ஸ்பானிய இறையியலாளரிடையேயே, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், இயேசு சபையைச் சேர்ந்த லூயிஸ் தெ மோலினா 1588இல் வெளியிட்ட நூலில் மனிதரின் சுதந்திர ஒப்புதலுக்கு இடமளிக்கும் வகையில் அருளை விளக்க முயல, சலமாங்காவின் தொமினிக்கன் சபை அறிஞர் தோமிங்கோ பான்யெஸ் அதனை மறுத்து, அருளின் முதன்மையை வலியுறுத்தினார். இருசாராரின் வழக்கு உரோமைக்குச் சென்று ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் தீர்ப்பு எதனையும் வழங்காமல், ஒருவர் மற்றவரைப் பழிக்கக் கூடாது என்று மட்டும் கூறி அதனை நிறுத்திவைத்தார். உழைப்பையும் அருளையும் பிரித்து இவ்வளவு இவருடையது, இவ்வளவு அவருடையது என்று கணக்கெடுக்க அக்காலத்தின் மிகக் கூரிய அறிஞர்களாலும் இயலவில்லை. வகுப்புப் பங்கேற்புக்கு இத்தனை விழுக்காடு, பேச்சுத் திறனுக்கு இத்தனை விழுக்காடு என்று வகுத்துவிட்டதாலேயே அதனைச் செய்துமுடித்துவிட்டதாக மதிப்பெண் பட்டியல் காட்டிக்கொள்வது, மிகுந்த எச்சரிக்கையோடு நோக்கத்தக்கது.

வீட்டில் ஸ்பானியம் கேட்டு வளர்ந்த மாணவர்கள் தொடக்க வகுப்பில் அமரும்போது இச்சிக்கல் பட்டவர்த்தனமாகிறது. மரபுமொழியினர் என்று அழைக்கப்படும் இவர்களைப் பற்றிக் குவாதலூப்பே வால்தேஸ் நெடுங்காலம் ஆராய்ந்து எழுதியுள்ளார். பாட்டியின் பேச்சை முழுமையாகப் புரிந்துகொள்ளும் இவர்களுள் பலர், பள்ளியில் அம்மொழியை எழுதப் பழகாதவர்கள். எழுத்தின்மேல் இடவேண்டிய உச்சரிப்புக் குறிகளை விட்டுவிடுவார்கள், பாடநூல் ஏற்காத வீட்டு வழக்குகளைப் பயன்படுத்துவார்கள். ஒரு தாளில் இவர்கள் எவ்வித உழைப்பும் இன்றி முழு மதிப்பெண் பெறுகின்றனர். மற்றொரு தாளில், தம் குடும்பத்தின் பேச்சே பிழையென்று சிவப்பு மையால் கோடிடப்படுவதைக் காண்கின்றனர். அவர்களுக்கு அருகில் அமர்ந்திருப்பவர் ஸ்பானியத்தின் முதல் ஒலியையே அவ்வாண்டுதான் கேட்டவராக இருக்கலாம். பகிர்வு நீதி என்பது தகுதிக்கேற்பப் பகிர்தல் என்று நிக்கோமாக்கிய அறவியலின் ஐந்தாம் பகுதியில் கூறும் அரிஸ்டாட்டில், தகுதி என்பது எது என்பதில் மக்கள் உடன்படுவதில்லை என்பதையும் அங்கேயே ஒப்புக்கொள்கிறார். 1971இல் வெளிவந்த நீதி பற்றிய தம் நூலில் மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் இன்னும் ஒருபடி சென்று, பிறப்பாலும் குடும்பத்தாலும் வாய்த்த திறமைகளுக்கு ஒருவர் ஒழுக்க அடிப்படையில் உரிமை கொண்டாட முடியாது என்றும், உழைக்கும் மனப்பாங்குகூடப் பெருமளவு வாய்த்த சூழலின் விளைவே என்றும் வாதிட்டார்.

மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட உவமையில், காலையிலிருந்து உழைத்தவருக்கும் மாலையில் ஒரு மணி நேரமே உழைத்தவருக்கும் உரிமையாளர் ஒரே தெனாரியத்தைக் கூலியாகக் கொடுக்கிறார். மதிப்பெண்ணை இவ்வாறு சமமாக வழங்கிவிடலாம் என்று இதிலிருந்து முடிவு செய்வோர் உண்டு. அம்முடிவு பொருந்தாது என்றே கூற வேண்டும். தெனாரியம் ஒரு நாள் உணவுக்கான கூலி. உண்ண வேண்டிய தேவை எல்லாருக்கும் சமம், ஆகவே சமமாகக் கொடுத்தவர் எவருக்கும் பொய் சொல்லவில்லை. மதிப்பெண்ணோ ஒரு கூற்று. இம்மாணவர் இம்மொழியில் இவ்வளவு செய்ய வல்லவர் என்று மூன்றாம் நபரிடம், பெரும்பாலும் அடுத்த பருவத்தின் ஆசிரியரிடம், அது கூறுகிறது. கூலியைத் தாராளமாகக் கொடுப்பது அருள்; கூற்றைத் தாராளமாக மாற்றுவது பொய். உவமை கற்பிப்பது வேறொன்று: முதலில் வந்தவர் பின்னால் வந்தவரைக் கண்டு எரிச்சலடையும்போது, தம் கூலியில் குறைவில்லாதிருந்தும் ஒப்பீட்டினாலேயே துன்புறுகிறார். மாணவரைப் பிற மாணவரோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் முறையை, வகுப்பில் இத்தனை பேருக்குத்தான் ஏ என்று முன்கூட்டியே வரம்பிடும் முறையை, இவ்வுவமை நேராகத் தாக்குகிறது. ஏ1 நிலைக்கான தேலே தேர்வு அவ்வகையில் நேர்மையானது. நான்கு தாள்கள் இரண்டிரண்டாக இணைக்கப்பட்டு, ஒவ்வோர் இணையிலும் 50க்கு 30 புள்ளி எட்டியவர் தகுதி பெற்றவர், எட்டாதவர் பெறாதவர்; எத்தனை பேர் எட்டினாலும் ஒருவர் மற்றவரின் இடத்தைப் பறிப்பதில்லை.

மதிப்பெண் ஒரு கூற்று எனில் அது உண்மையாக இருக்க வேண்டும். ஆனால் எண்கள் தரும் உறுதி பெரும்பாலும் தோற்றமே. 1912இல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் ஆகிய இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளின் படிகளை நூற்றுக்கு மேற்பட்ட பள்ளி ஆசிரியர்களிடம் அனுப்பித் திருத்தச் செய்தபோது, ஒரே தாள் 64 முதல் 98 வரை மதிப்பெண் பெற்றது. ஐந்து நிமிட வாய்மொழி உரையாடலைக் கேட்டு, சரளத்துக்கு இத்தனை, உச்சரிப்புக்கு இத்தனை என்று எழுதும் ஆசிரியரின் நிலை இதனினும் நிலையற்றது, ஏனெனில் அவர் அங்கே நீதிபதி மட்டுமன்று, உரையாடலின் மறுபாதியும் அவரே.

முயற்சிக்கு மதிப்பெண் கொடுக்கும் வழக்கம் இந்த இடர்ப்பாட்டிலிருந்து தப்பும் வழியாகவே தோன்றியிருக்கக்கூடும். திறனைத் துல்லியமாக அளக்க முடியாது, அது அவரவருக்கு வாய்த்ததும்கூட. எனவே வருகையையும் பங்கேற்பையும் மதிப்போம் என்பது அதன் நியாயம். ஆயினும் பங்கேற்பு என்று அளக்கப்படுவது எது? எலைன் ஹார்விட்ஸும் உடன் ஆய்வாளர் இருவரும் 1986இல் மொழி வகுப்பு அச்சத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவையை வெளியிட்டனர். அதனை அவர்கள் முதலில் பயன்படுத்திப் பார்த்தது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலை ஸ்பானிய மாணவரிடமே. பிற பாடங்களில் தயக்கமின்றிப் பேசும் மாணவர்களும், தம் அறிவுக்கும் வயதுக்கும் ஒவ்வாத குழந்தைப் பேச்சில் தம்மை வெளிப்படுத்த நேரும்போது ஒடுங்கிப்போகின்றனர் என்பது அவ்வாய்வின் மையக் கருத்து. கையை உயர்த்தாத மாணவர் உள்ளத்தில் ஒவ்வொரு சொல்லையும் தொடர்ந்து வருபவராக இருக்கலாம். உரக்கப் பேசுபவர் மதிப்பெண்ணுக்காகவே பேசுபவராகவும் இருக்கலாம். உள்முயற்சியைப் புறச்செயலைக் கொண்டு அளக்கத் தொடங்கியவுடன் முயற்சி நடிப்பாக மாறும் வாய்ப்புத் திறந்துவிடுகிறது. நோன்பையும் செபத்தையும் பிறர் காணச் செய்வோரைப் பற்றி மலைப்பொழிவு கூறும் எச்சரிக்கை இங்கே அப்படியே பொருந்துகிறது.

பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய் 1942இல் எழுதி, அவர் மறைந்தபின் 1950இல் வெளிவந்த தொகுப்பில் இடம்பெற்ற ஒரு கட்டுரை, பள்ளிப் பாடங்களை இறையன்போடு தொடர்புபடுத்திச் சிந்திக்கிறது. கல்வியின் உண்மையான பயன் கவனித்தல் என்னும் ஆற்றல் வளர்வதே என்றும், செபம் என்பது அவ்வாற்றல் இறைவனை நோக்கித் திரும்புவதே என்றும் கருதிய அவர், ஒரு பாடத்தில் எவ்விதப் பலனும் கிட்டாதபோதும் மெய்யான கவனம் ஒருபோதும் வீணாவதில்லை என்றார். ஆகவே மாணவர் மதிப்பெண்ணை விரும்பாமல் கற்க வேண்டும் என்றார். இதனோடு அவர் சேர்த்த மற்றொரு கருத்து பலரால் மறக்கப்படுகிறது. தான் தவறிய ஒவ்வொரு பயிற்சியையும், சாக்குப்போக்கு எதுவும் தேடாமல், ஆசிரியரின் திருத்தம் ஒன்றையும் விடாமல், நிதானமாக நோக்க வேண்டும் என்று அவர் மாணவரைக் கேட்டுக்கொண்டார். மதிப்பெண்ணின்மேல் பற்றற்று இருப்பது திருத்தத்தின்மேல் அலட்சியமாக இருப்பதாகாது. பற்றற்றவரால்தான் திருத்தத்தை அஞ்சாமல் நோக்க முடியும். திருப்பிக் கொடுக்கப்பட்ட தாளின் மேல்மூலையில் உள்ள எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு அதனை மடித்து வைக்கும் மாணவர், எழுத்தின் சிறையில் இருப்பதாலேயே கீழே உள்ள திருத்தங்களைக் காணாதவராகிறார்.

இவற்றைக் கொண்டு நோக்கும்போது, கவனத்தை மாணவரிடம் முழுமையாகக் கேட்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு, அதனை விழுக்காட்டுக்கு விற்கும் உரிமை இல்லை என்பதே நியாயமான நிலை. வருகையும் வீட்டுப்பாடமும் வகுப்பில் இடம்பெறுவதற்கான நிபந்தனையாக இருக்கலாம். மற்ற மாணவரின் பேச்சைப் பொறுமையோடு கேட்பது அந்நிபந்தனையின் தலையாய பகுதியாகவே இருக்க வேண்டும், ஏனெனில் ஏ1 நிலையின் வரையறை கோரும் அந்தப் பரிவுள்ள கேட்பவர், வகுப்பறையில் பெரும்பாலான நேரம் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் மற்றொரு தொடக்க மாணவரே. ஆனால் நிபந்தனையை நிறைவேற்றியதற்குப் புள்ளி வழங்கி, அப்புள்ளியைத் திறனின் கணக்கில் சேர்க்கும்போது, பேச இயலாத ஒருவர் பேச வல்லவர் என்று சான்று பெறுகிறார்.

அவ்வகைச் சான்று இரக்கத்தால் வழங்கப்பட்டதாயினும் இரக்கமாக அமைவதில்லை என்பதற்கு ஸ்பானிய மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1491இல் பிறந்தவர். போர்வீரராக இருந்து காயமுற்று, துறவியாக மாறி, எருசலேம் சென்று திரும்பியபின், 1524இல், முப்பது வயதைக் கடந்த நிலையில், பார்சலோனாவில் ஆர்தேவோல் என்னும் ஆசிரியரிடம் இலத்தீன் இலக்கணத்தின் அரிச்சுவடியைக் கற்கச் சிறுவர்களோடு அமர்ந்தார். வினைவடிவங்களை மனப்பாடம் செய்ய முற்படும்போதெல்லாம் ஆன்மிக இன்பங்களும் புதிய ஒளிகளும் உள்ளத்தில் பெருகிப் பாடத்தை மறக்கச் செய்தன. செபிக்கும்போது வராத இவை பாடத்தின்போது மட்டும் வருவதைக் கண்டு, இது சோதனையே என்று அவர் தெளிந்தார். ஆசிரியரை அழைத்து, பார்சலோனாவில் அப்பமும் தண்ணீரும் கிடைக்கும்வரை இரண்டாண்டுகள் தவறாமல் அவருடைய பாடத்துக்குச் செவிகொடுப்பதாக வாக்களித்தார். அவர் வாக்களித்தது கவனத்தை மட்டுமே. தேர்ச்சியை வாக்களிக்கும் உரிமை தமக்கு இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

இரண்டாண்டு முடிவில், போதிய அளவு முன்னேறிவிட்டதாகவும் அல்கலாவுக்குச் சென்று மேற்பாடங்களைத் தொடங்கலாம் என்றும் ஆசிரியர் கூறினார். இஞ்ஞாசியார் அதனை உடனே ஏற்காமல், இறையியல் அறிஞர் ஒருவரிடம் தம்மைச் சோதித்துப் பார்க்கும்படி கேட்டார். அவரும் அதே அறிவுரையைக் கூறினார். இருவரும் நல்லெண்ணத்தோடுதான் கூறியிருப்பர். ஆனால் அல்கலாவிலும் சலமாங்காவிலும் கற்க முயன்று, 1528இல் பாரிஸ் நகரை அடைந்தபோது, விரைந்து மேலேற்றப்பட்டதால் தமக்கு அடிப்படையே இல்லை என்பதை அவரே உணர்ந்து, மொந்தேகு கல்லூரியில் மீண்டும் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீனை முதலிலிருந்து கற்றார். முப்பத்தேழு வயதில் அவர் செலுத்திய அந்த விலை, தகுதிக்கு மீறி வழங்கப்பட்ட ஒரு நற்சான்றின் விலை. அதே வேளை, அவருடைய இரண்டாண்டுக் கவனம் குறைவுள்ளது என்று அவரை அறிந்த எவரும் கூற முடியாது. கவனம் முழுமையாக இருந்தது, திறன் போதுமானதாக இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் கூற முயன்றதில்தான் தவறு நேர்ந்தது.

அவர் நிறுவிய சபை 1599இல் தன் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான கல்வி நெறிமுறையை வெளியிட்டபோது, மாணவரை அடுத்த வகுப்புக்கு உயர்த்தும் தேர்வுக்கு அதில் மிக விரிவான விதிகள் இடம்பெற்றன. கீழ்வகுப்பு ஆசிரியர் தம் மாணவரின் பெயர்ப்பட்டியலை வைத்திருந்து, பொதுத்தேர்வுக்குச் சற்று முன்பு அதனை ஆராய்ந்து திருத்தி, மிகச் சிறந்தோர், நல்லோர், நடுத்தரத்தோர், ஐயத்துக்குரியோர், அதே வகுப்பில் நிறுத்தத்தக்கோர், நீக்கத்தக்கோர் என்று ஆறு வகையாகக் குறிக்க வேண்டும். அவற்றை ஒன்று முதல் ஆறு வரையிலான எண்களால் குறிக்கலாம் என்றும் அது அனுமதித்தது. மேலை நாடுகளின் மதிப்பெண் வழக்கத்துக்கு முன்னோடியாகத் திகழும் இப்பட்டியலில் நான்காம் வகை கருதத்தக்கது. ஒரு மாணவரை உயர்த்தலாமா, நிறுத்தலாமா என்று தமக்குத் தெரியவில்லை என்பதை ஆசிரியர் அதில் எழுத்தில் ஒப்புக்கொண்டு, முடிவைத் தேர்வாளரோடு பகிர்ந்துகொள்கிறார். இன்றைய ஏ முதல் எஃப் வரையிலான வரிசையில் அவ்வகைக்கு இடமில்லை. வேலையை முடிக்காதவருக்கு முற்றுப்பெறாமை என்று குறிக்கும் வழக்கம் உண்டு, ஆனால் வேலையை முடித்தும் மொழி இன்னும் படியாதவருக்கு அவ்வாறு குறிக்க இயலாது. தொடக்கநிலை ஸ்பானிய வகுப்பில் எல்லைக்கோட்டில் நிற்கும் மாணவருக்கு ஆசிரியர் சி என்றோ டி என்றோ முடிவாக எழுதுவதற்கு மாறாக, மெதுவாகப் பேசினால் புரிந்துகொள்கிறார், தன்னைப் பற்றித் துணையோடு சில தொடர்கள் பேசுகிறார், இறந்தகால வினைகள் இன்னும் படியவில்லை, இரண்டாம் பருவத்துக்கு அனுப்பலாமா என்பதை அப்பருவத்தின் ஆசிரியரும் மாணவரும் இரண்டு வாரம் கழித்துச் சேர்ந்து முடிவு செய்யட்டும் என்று எழுதித் தர இடமிருந்தால், அக்குறிப்பு உண்மையாகவும் இருக்கும், அவ்விருவருக்கும் பயன்படவும் செய்யும்.